துரோகி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை

கேள்வி, வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிற ஒரு தம்பியுடையது. சுருக்கித் தருகிறேன்: “எங்கட சனத்துக்கு அரசியல் என்றால் ஏன் எப்போதும் ஒரு வீரனும் ஒரு துரோகியும் வேண்டியிருக்கிறது? நிதானமாகக் கதைக்கிற ஆக்கள் ஏன் எடுபடுவதில்லை? நிதானம் என்பது பயத்துக்கு வைத்த நல்ல பெயர்தானா? 2009 போரில் மகனைப் பறிகொடுத்த என் பெரியப்பாவிடம் இதைக் கதைக்கப் போனேன். மூன்று கிழமையாக அவர் எனக்கு முகம் கொடுப்பதில்லை.”

சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் முப்பது வருடமாக மொழிபெயர்த்துச் சீவிக்கிறவன் நான். அதனால் தொழிலில் பிடித்தே தொடங்குகிறேன். அகராதியைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விடுகிற அரசியல் சொற்கள் மிகக் குறைவு. அவற்றில் முதலாவது ‘துரோகி’. சிங்களத்தில் ‘துரோஹியா’. ஒரே வேர், ஒரே சூடு. ‘வீரர்’ என்பதும் அப்படித்தான். இங்கே மாவீரர், அங்கே ரணவிரு, அதாவது போர் வீரர். மேடைப் பேச்சு ஒன்றைக் கையில் தந்தால் இந்த இடங்களில் என் பேனை நிற்பதேயில்லை.

பேனை நிற்கிற இடம் வேறு. 2017 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்பை வரைய அமைத்த அரசியலமைப்புச் சபையின் வழிநடத்தல் குழு ஓர் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. ‘ஒற்றையாட்சி’ என்ற ஒரு சொல்லில்தான் எழுபது வருடமாக எல்லாம் முட்டி நின்றது. அதைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சிங்களத்தில் ‘ஏகீய ராஜ்ய’ என்று இருக்கட்டும், தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்று எழுதுவோம், இரண்டுக்கும் பொருள் பிரிக்க முடியாத ஒரு நாடு என்பதுதான் என்று அறிக்கையிலேயே விளக்கி வைப்போம். ஒரு மொழிபெயர்ப்பாளனாகச் சொல்கிறேன், அந்த இரண்டு சொற்களை எடுத்து வைக்க எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அறிக்கை வந்ததும் என்ன நடந்தது? சிங்களத் தேசியவாதிகள், தமிழ்ச் சொல்லுக்குள் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, ஒளிந்திருக்கிறது என்றார்கள். தமிழ்த் தேசியவாதிகள், சிங்களச் சொல்லுக்குள் ஒற்றையாட்சி ஒளிந்திருக்கிறது என்றார்கள். இரு பக்கத்துப் பத்திரிகைகளையும் மேசையில் விரித்து வைத்து வாசித்தேன். ஒன்றை மற்றதன் மொழிபெயர்ப்பு என்றே சொல்லலாம். சமரசத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிதாய்ச் சொல் செய்ய வேண்டியிருக்கிறது. பகைக்கு வேண்டிய சொல் இரண்டு மொழியிலும் ஆயத்தமாக இருக்கிறது. தம்பியின் கேள்விக்கு என் பதிலில் பாதி இதற்குள் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஒரு தெருவைக் காட்ட வேண்டும். நேரம் கிடைத்தால் பொரளைப் பக்கம் போய், ரொஸ்மிட் பிளேஸ் முழுவதையும் ஒருதரம் நடந்து பாருங்கள். பிரதமராக இருந்த பண்டாரநாயக்காவின் வீடு அந்தத் தெருவில்தான். 1957 ஜூலை 26இல் அவரும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சிங்களம் அரச கரும மொழியாகவே இருக்கும். வடக்குக் கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடக்கும். பிராந்திய சபைகள் வரும். தமிழரசுக் கட்சி கேட்ட சமஷ்டி அதில் இல்லை. இது இறுதித் தீர்வல்ல, இப்போதைக்கு ஓர் ஏற்பாடு என்றுதான் செல்வநாயகமும் எடுத்துக்கொண்டார். அந்த அக்டோபரிலேயே ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தன எதிர்ப்புக் காட்டி கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9இல் பிக்குமார் ரொஸ்மிட் பிளேஸ் வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டே எழும்பிப் போனார்கள். அடுத்த மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். அடுத்த வருடம் பண்டாரநாயக்காவே அதே வீட்டில் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார். அந்தக் கொலையைத் திட்டமிட்டவர், அவரைப் பதவிக்குக் கொண்டுவர முன்னின்ற களனி விகாராதிபதி.

அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் கின்சி டெரஸ் வந்து சேருகிற சந்தி. 1999 ஜூலை 29 காலையில் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வத்தின் கார் மீது விடுதலைப் புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி பாய்ந்தது அங்கேதான். 1995இல் வந்த அதிகாரப் பரவலாக்கல் யோசனையை அமைச்சர் ஜி. எல். பீரிஸுடன் சேர்ந்து வரைந்தவர் அவர். அதற்கு முதல் எந்த அரசாங்கமும் முன்வைக்காத அளவுக்குச் சமஷ்டிக்குக் கிட்ட வந்த யோசனை அது. சிங்களக் கடும்போக்காளருக்கு அது நாட்டைத் துண்டாடும் சதி. புலிகளுக்கு அதை எழுதிய தமிழன் துரோகி. அந்த யோசனை தேய்ந்து தேய்ந்து 2000 ஓகஸ்டில் புதிய அரசியலமைப்பு வரைவாகப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே அதன் பிரதியைக் கொளுத்தினார்கள். நீலனின் தகப்பனார் மு. திருச்செல்வமும் 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு செய்த டட்லி–செல்வா ஒப்பந்தத்தை நம்பி அமைச்சரவைக்குப் போனவர்தான். அதில் சொன்ன மாவட்ட சபை வரும் வரும் என்று பார்த்து, 1968இல் பதவியை விட்டு வெளியே வந்தார். இரண்டு தலைமுறை. அந்தச் சந்தியைக் கடக்கும்போது இன்றைக்கும் என் நடை தானாகவே மெதுவாகிவிடும்.

ஆகவே, நிதானமான ஆக்கள் ஏன் எடுபடுவதில்லை என்று கேட்டால், அவர்களின் பேச்சில் காரசாரம் போதாது என்பது என் பதில் அல்ல. செல்வநாயகத்தின் பின்னால் சனம் இருபது வருடம் நின்றது. வெறுங்கையோடு அவர் திரும்பி வந்ததுதான் பிழைத்துப்போன இடம். வெறுங்கையாக அனுப்பியது ஒரு தனி ஆளும் அல்ல. தெற்கில் இரண்டு பெரிய கட்சிகள்; ஒன்று தமிழருக்கு ஏதாவது கொடுக்க வெளிக்கிட்டால் மற்றது ‘நாட்டைக் காட்டிக்கொடுக்கிறான்’ என்று கிளம்பும். 1957இல் ஐக்கிய தேசியக் கட்சி அதைச் செய்தது. 1966இல் டட்லி தமிழ் மொழிக்கு ஒழுங்குவிதி கொண்டுவந்தபோது சுதந்திரக் கட்சி செய்தது, இடதுசாரிகளும் கூடவே தெருவுக்கு இறங்கினார்கள். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று 1956இல் எச்சரித்த இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாதான், தமிழருக்கு எந்தக் காப்பும் இல்லாத 1972 அரசியலமைப்பை அமைச்சராக இருந்து கொண்டுவந்தார். பிராந்திய சபைக்கு எதிராக நடந்த அதே ஜே. ஆர்., முப்பது வருடம் கழித்து, 1983 கலவரத்தை நாங்கள் எல்லாம் பட்டு முடித்த பிறகு, மாகாண சபைக்குக் கையெழுத்து வைத்தார். இவர்களில் யாரை வில்லன் என்பீர்கள், யாரை வீரன் என்பீர்கள்? பண்டாரநாயக்கா 1926இலேயே இந்த நாட்டுக்குச் சமஷ்டிதான் சரி என்று எழுதியவர். அவரே தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தவர், அவரே ஒப்பந்தம் செய்தவர், அவரே கிழித்தவர். ஆளைப் பிடித்து வில்லனாக்கிவிட்டால், ஆளுக்கு ஆள் கூடக் கத்தினால்தான் வாக்கு விழும் என்ற அந்தப் பொறி கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறது. ஆள் செத்த பிறகும் பொறி வேலை செய்துகொண்டே இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் அதே பொறிதான். எழுபதுகளில் தமிழர் விடுதலைக் கூட்டணி மேடைகளில் எதிர்க்கட்சித் தமிழரைத் துரோகி என்பது சர்வசாதாரணம். இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்ட காலம். 1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டபோது அந்தக் கொலையைத் தட்டிக் கேட்ட குரல் மிகக் குறைவு. அன்றைக்கு நெற்றியில் திலகம் வாங்கிய கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம், 1989 ஜூலை 13இல் கொழும்பில் தன் வீட்டில், கதைக்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த கையோடு சுடப்பட்டார். காரணமாகச் சொல்லப்பட்டது அதே சொல். இதை அவரைக் குத்திக் காட்ட எழுதவில்லை. அவர் சாவைக் கேள்விப்பட்ட அன்றைக்கு என் அப்பா சாப்பிடவில்லை. எழுதுவதன் காரணம், அந்தச் சொல்லுக்கு எசமான் கிடையாது என்பதுதான். யார் வாயிலிருந்து புறப்பட்டாலும் அது திரும்பி வீட்டுக்கு வரும்.

இனி, இந்தப் பார்வை ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பது. அறிவு குறைந்தவர்கள்தான் இப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை; மெத்தப் படித்தவர்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலை எடுங்கள். எழுபதுகளில் ஒரு தமிழ்ப் பிள்ளை மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போவதற்குச் சிங்களப் பிள்ளையை விட அதிக புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு சூத்திரம், ஒரு வெட்டுப்புள்ளி, ஒரு அட்டவணை. அட்டவணையை வெறுக்க முடியுமா? நெஞ்சில் எரிகிற நெருப்புக்கு ஒரு முகம் வேண்டும். முகம் கிடைத்ததும் மூச்சு விட முடிகிறது. கூடவே, நாலு பேர் இருக்கிற அறையில் ‘அவன் துரோகி’ என்று ஒருவர் சொல்லி மற்ற மூன்று பேரும் தலையாட்டுகிற நேரத்தில் ஒரு சூடு பரவும் பாருங்கள், வேறு ஊரில் அகதியாய் இருக்கிற மனிதருக்கு அது வீட்டுச் சூடு போல. நிதானமாகக் கதைக்கிறவர் அந்த அறைக்குள் சன்னலைத் திறந்து விடுகிறவர். குளிர்கிறது என்று எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள்.

முகம் வைத்துப் பார்க்கிற பழக்கம் எங்கே முறிந்துபோகும் என்பதற்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். 1983இல் நாங்கள் தெஹிவளையில் ஓர் ஒழுங்கையில் இருந்தோம், எனக்கு ஒன்பது வயது. ஜூலை 25 திங்கட்கிழமை, தெருமுனையில் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயா எங்கள் முன்கதவை வெளியிலிருந்து பூட்டினார். தன் வீட்டுக் கேற்றில் கிடந்த பெரிய பித்தளைப் பூட்டு. பூட்டிவிட்டு எங்கள் படியிலேயே பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே கட்டிலுக்குக் கீழே நாங்கள் நாலு பேர். “அந்த ஆக்கள் வெள்ளிக்கிழமையே யாழ்ப்பாணம் போய்விட்டார்கள்” என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பின்னேரம் வரை அவர் எழும்பவேயில்லை.

அதே மனிதர் 1987இல் மாகாண சபைக்கு எதிராகக் கறுப்புக் கொடி கட்டினார். 1995 யோசனை வந்தபோது மதிலுக்கு மேலால் அப்பாவோடு வாய்ச்சண்டை. தமிழருக்கு ஒரு அங்குலம் கொடுத்தால் நாடு போச்சு என்பது அவர் நியாயம். ஏப்ரல் புத்தாண்டுக்குக் கிரிபத், அதாவது பாற்சோற்றுத் தட்டு, தவறாமல் வரும், தீபாவளிக்கு அம்மா பலகாரம் அனுப்புவார். அவரை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று பள்ளிக்கூட வயதில் நான் அப்பாவைக் கேட்டேன். “பூட்டும் அந்த ஆளுடையதுதான், வாயும் அந்த ஆளுடையதுதான்” என்றார் அப்பா. கடைசிவரை அவரோடு தர்க்கித்தார். அந்தப் படியில் உட்கார்ந்திருந்த பகலை ஒரு நாளும் மறக்கவும் இல்லை.

தெற்கு தன் வீரனைத் தேடிப் போன கதையைத் தம்பி கண்ணால் பார்த்திருப்பீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பயந்துபோன நாடு, நவம்பரில், போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷவை 52 வீதத்துக்கு மேல் வாக்குப் போட்டு ஜனாதிபதியாகக் கொண்டுவந்தது. அந்த உற்சாகத்தில் இளைஞர்கள் கொழும்பு மதில்களில் எல்லாம் சித்திரம் வரைந்தார்கள். வீரனிடம் ‘இது பிழை’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார். விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தது எடுபடவில்லை. அடுத்த வருடம் காலிமுகத்திடல் போராட்டத்தில் அதே மனிதர் வில்லன். 2022 ஜூலையில் நாட்டை விட்டே ஓடினார். அவர் போன மறுநாள் வெள்ளவத்தையில் பெற்றோல் வரிசை ஒரு அடிகூடக் குறையவில்லை. நான் அதில் நின்றவன். பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று அளவு வைத்து, கியூஆர் குறியீட்டைக் காட்டச் சொன்னார்கள். மெல்ல மெல்ல வரிசை கரைந்தது. அந்தப் பங்கீட்டு முறையை யோசித்துச் செய்தவர்களின் படத்தை எந்த மதிலிலும் யாரும் வரையவில்லை.

நிதானம் பயத்தின் மறுபெயரா என்ற கேள்விக்கு வருகிறேன். சில நேரம் ஆம். ‘பிரச்சினை வேண்டாம், பேசாமல் இருப்போம்’ என்று கொழும்புத் தமிழர் நாங்கள் பல தடவை வாயை மூடிக்கொண்டு அதற்கு நிதானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மாரிடம் போய் நடுநிலையாக இருங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கோடு கிழித்து அதன் மேல் நிற்பதை நான் நிதானம் என்று சொல்லவில்லை. செயலைத் தனியாக எடுத்து, ஆளைப் பார்க்காமல் எடை போடுவதைத்தான் சொல்கிறேன். அதற்கு வீரவணக்கத்தை விடக் கூடிய துணிவு வேண்டும்.

யாழ்ப்பாணத்து மிருசுவிலைப் பாருங்கள். 2000 டிசம்பரில் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பொதுமக்கள், ஐந்து வயதுப் பிள்ளை உட்பட, கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். சாட்சியையும் தடயத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஓர் இராணுவச் சிப்பாயைக் குற்றவாளியாகக் கண்டது. உயர் நீதிமன்றமும் 2019இல் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். ரணவிரு என்றால் குற்றவாளியாக இருக்க முடியாதே. தண்டித்தது அந்தப் பொறுமையான விசாரணை, விடுவித்தது வீர வழிபாடு. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். இதைச் சொன்னால் ‘இப்ப ஏன் அது?’ என்ற கேள்விதான் இன்றும் முதலில் வரும். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீரருக்குப் பக்கத்தில் அந்த இரண்டு மணித்தியாலத்தை வைக்க அவர்களுக்கு இடமில்லை.

சனத்தால் இப்படி எடை போடவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். 2010 ஜனவரியில், போர் முடிந்து எட்டு மாதத்தில், வாக்களிக்கப் போன வடக்குக் கிழக்குத் தமிழரில் பெரும்பாலானோர் அந்தப் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கே புள்ளடி போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான். அன்றைய நிலைமையில் எது கொஞ்சமாவது கதவைத் திறக்கும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட வாக்கு அது. ஆனால் கணக்குப் பார்க்க எங்கள் வாக்குச் சீட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் தொடுவதில்லை. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். முதல் ஆள் வராவிட்டால் யாரோடு என்னால் காலம் தள்ள முடியும் என்று கேட்கிற சீட்டு அது. 2024 செப்டெம்பரில் முதல் தடவையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. முதல் இரண்டு வேட்பாளர்களுக்கும் போகாத செல்லுபடியான வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அந்த இருவருக்கும் சேர்ந்து வந்த விருப்பு வாக்கு 2,73,131. பத்தில் ஒன்று கூட இல்லை. மற்றவர்களில் பலர் தங்கள் ஆளுக்கு அடையாளம் இட்டுவிட்டுச் சீட்டை மடித்துப் போட்டுவிட்டார்கள்.

கடைசியாகப் பெரியப்பா. தம்பி, இதில் ஒரு வரியையும் அவரிடம் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் அவரோடு கதைத்தது அரசியல் என்று நினைக்கிறீர்கள். அவர் காதில் விழுந்தது, உங்கள் மகன் வீணாய்ப் போனான் என்பது. தன் பிள்ளை நம்பிப் போனது பெரியது என்று பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் இத்தனை வருடமும் காலையில் எழும்புகிறார். அந்தப் பிடியைத் தளர்த்துகிற உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அடுத்த தடவை வவுனியா போகும்போது அவர் பக்கத்தில் போய் இருந்து, அண்ணாவைப் பற்றிக் கேளுங்கள். என்ன சாப்பாடு விருப்பம், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரன், சைக்கிள் ஓடப் பழக்கியது யார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை இடையில் ஒன்றும் கதைக்க வேண்டாம்.